கூடிப் படிக்கலாம், தனித்தே தேற வேண்டும்

ஆக்லாந்தின் மேற்கே, நியூ லின்னில் எந்த மழலையர் மையத்துக்குள் நுழைந்தாலும் கைக்குழந்தைகளின் அறையில் ஓர் ஆசிரியர் மட்டும் தனியாக நிற்பதைப் பார்ப்பது அரிது. இரண்டு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் இருந்தாக வேண்டும் என்பது நியூசிலாந்தின் விதி. ஒருவர் டயப்பர் மாற்றப் போனால் இன்னொருவர் மணல்தொட்டியைக் கவனித்துக்கொள்வார். காலையில் அழுதுகொண்டே வந்த பிள்ளை மதியம் சாப்பிட்டதா என்று, வேலை முடிந்து போகிறவர் அடுத்து வருகிறவரிடம் சொல்லிவிட்டுத்தான் போவார். 1996-இல் வந்து 2017-இல் திருத்தப்பட்ட ‘தே ஃபாரிக்கி’ என்ற மழலையர் பாடத்திட்டமும் உறவுகளைத் தன் நான்கு அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. இங்கே ஆசிரியர் வேலை என்பதே கூட்டு வேலை. ஆகவே ஆசிரியராகப் படிப்பவர்களையும் குழுவாக உட்காரவைத்துப் பயிற்றுவதில் நியாயம் இருக்கிறது.

பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டும் வேலையில் இருக்கும் நான் இந்த முறையின் பக்கம்தான். ஆனால் குழுவாகப் படிப்பது தன்னளவிலேயே நல்லது என்ற நம்பிக்கை பயிற்சி நிறுவனங்களில் கேள்வியின்றிப் பரவிவிட்டது. அதை ஏற்க முடியவில்லை.

இந்த முறைக்கு நம் ஊரிலேயே ஒரு பழைய வரலாறு உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான். முன்னே படித்தவன் பின்னே வந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பான்; வாத்தியார் இல்லாத நேரத்தில் பள்ளியையே நடத்துவான். 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைப் பார்த்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். சம்பளம் வாங்கும் உதவி ஆசிரியர்கள் அதற்கு இணங்காததால், பெரிய பிள்ளைகளைக் கொண்டே சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். ஊர் திரும்பி 1797-இல் அவர் எழுதிய நூலின் வழியாக அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது; பிறகு உலகின் பல பக்கங்களுக்கும் போனது.

பரவியதற்குக் காரணம் அதன் கல்விச் சிறப்பு மட்டுமல்ல, மலிவும்தான். ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நடத்தலாம் என்றால் எந்த நிர்வாகம்தான் வேண்டாம் என்று சொல்லும்? சட்டாம்பிள்ளைகளுக்குத் தெரிந்தது மனப்பாடம். அதையே அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். சில பத்தாண்டுகளில் அதன் வரம்புகள் வெளிப்பட்டன. 1846 முதல் இங்கிலாந்து அரசு, ஆசிரியரின் கீழ் ஐந்தாண்டு பயிலும் இளம் ஆசிரியர் முறைக்கு ஆதரவு தந்தது. ஒருவருக்கொருவர் கற்பிப்பதில் உள்ள உண்மையான பலனும், அதைக் காட்டிச் செலவைக் குறைக்கும் ஆசையும் தொடக்கத்திலிருந்தே ஒட்டிப் பிறந்தவை. இன்றைய ஆசிரியர் பயிற்சியிலும் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் இந்த முறையை எடைபோட முடியாது.

பலனை முதலில் சொல்லிவிடுகிறேன். மழலையர் கல்வியில் அடிப்படைத் திறன், ஒரு குழந்தையைப் பார்த்து அது என்ன செய்கிறது என்று விளங்கிக்கொள்வது. நியூசிலாந்தில் மார்கரெட் கார் உருவாக்கிய ‘கற்றல் கதை’ என்ற மதிப்பீட்டு முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. மதிப்பெண் இல்லை, பட்டியல் இல்லை. குழந்தை செய்ததை ஆசிரியர் கதையாக எழுதி, அதில் தெரியும் கற்றலைச் சுட்டிக்காட்டி, பெற்றோருக்கும் காட்டுகிறார். ஒரே குழந்தையை நாலு பேர் பார்த்தால் நாலு விதமாகத் தெரியும். சமோவாவிலிருந்து வந்தவர், சீனாவிலிருந்து வந்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், ஆக்லாந்திலேயே பிறந்தவர் என்று ஒரு மேசையைச் சுற்றி உட்காரும்போது, குழந்தை கையால் சாப்பிடுவதும் பாட்டி ஊட்டிவிடுவதும் ஒருவருக்குக் குறையாகவும் இன்னொருவருக்கு வளர்ப்பாகவும் படும். அந்த உரசல் எந்தப் பாடநூலும் தராத பாடம். மாவோரி மரபின் ‘துவகானா–தெயினா’ உறவும் இதற்குத் துணை நிற்கிறது. மூத்தவர் இளையவரைக் கைபிடித்து நடத்துவார். விஷயம் மாறினால் இளையவரே மூத்தவராகிவிடலாம். கையில் பிரம்பு வைத்திருந்த சட்டாம்பிள்ளைக்கு இந்த இடமாற்றம் தெரியாது.

அந்த உரசல் நிகழாமலே போவதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். ஒருமுறை நான்கு பயிற்சி மாணவிகள் ஒரு மூன்று வயதுப் பையனைப் பற்றிச் சேர்ந்து எழுத வேண்டியிருந்தது. அவன் தினமும் பொம்மைக் கார்களை வாசல் கதவருகே வரிசையாக அடுக்குவான். வேகமாக ஆங்கிலம் பேசுபவள் ‘வரிசைப்படுத்தும் கணிதச் சிந்தனை’ என்றாள். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அரைமணியில் கதை தயாராகிவிட்டது, பார்க்கவும் அழகாகவே இருந்தது. நான்காவது பெண் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள்; வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்து சொன்னாள்: பையன் கார் அடுக்குவது பிற்பகலில் மட்டும்தானாம். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் வரத் தொடங்கும் நேரம் அது. ஒரு காரை வைப்பான், கண்ணாடி வழியே வெளியே பார்ப்பான், அடுத்ததை வைப்பான். கூட்டிப்போக வரும் அம்மம்மாவுக்காகத்தான் அவன் அங்கே உட்கார்ந்திருக்கிறான்.

“இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லிச்சினம் அக்கா. நான் மட்டும் எப்பிடி மாறிச் சொல்லுறது?”

அவள் பிற்பகல் வேலைக்கு நிற்பவள், மற்றவர்கள் காலையில் வருபவர்கள். அந்தக் குழுவில் உண்மை தெரிந்தவள் ஒருத்திதான். அவளிடமிருந்து அது வெளியே வர அந்த அமர்வில் வழி இருக்கவில்லை. ‘கலந்து பேசுங்கள்’ என்பதற்கு மேல் அங்கே ஏற்பாடு ஒன்றும் கிடையாது. நம் பள்ளிகளில் கேட்டுக் கேட்டே படித்து வந்த ஒருத்தியைப் புதிய நாட்டில், புதிய மொழியில், எல்லாரும் ஒத்துப்போன ஒன்றை மறுத்துப் பேசச் சொன்னால் அது அவளுக்குப் பெரிய பாரம். அதன் பிறகு என் பொறுப்பில் நடக்கும் அமர்வுகளில், யாரும் பேசுவதற்கு முன்பு ஒவ்வொருவரும் தனித்தனியே பத்து நிமிடம் எழுத வேண்டும், எழுதியதை அப்படியே வாசிக்க வேண்டும் என்று வைத்தேன். பேச்சு நேரம் குறைந்தது; கருத்து வேற்றுமை கூடியது.

நியூசிலாந்தின் ஆய்வு ஒன்றே இதைவிடக் கடுமையாக எச்சரிக்கிறது. கிரைஸ்ட்சர்ச்சில் உள்ள கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் கிரேம் நட்ஹால், பள்ளிப் பிள்ளைகளின் உடையில் சிறு ஒலிவாங்கிகளை மாட்டி, வகுப்பில் அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதையெல்லாம் பதிவு செய்தார். அவர் மறைவுக்குப் பின் 2007-இல் வெளியான நூலில் அந்த முடிவுகள் இருக்கின்றன. பிள்ளைகள் சரி, தப்பு என்று தெரிந்துகொள்வது பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவரிடமிருந்துதான். அப்படிக் கிடைப்பதில் பெரும்பகுதி தவறு. அவர் ஆராய்ந்தது பள்ளிப் பிள்ளைகளை. பெரியவர்களுக்கு அது அப்படியே பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் மூன்று புதியவர்கள் சேர்ந்து ஒரு தவறான கருத்தை உறுதிசெய்துகொள்வது ஒருவர் தனியே தவறாக நினைப்பதைவிட ஆபத்தானது. தனியாக நினைப்பவருக்குக் கொஞ்சம் சந்தேகமாவது மிஞ்சியிருக்கும். விஷயம் தெரிந்த ஒரு பயிற்றுநர் மேசையருகே இருந்து, சரியான தருணத்தில் குறுக்கிட வேண்டியிருப்பது இதனால்தான். அவரை மிச்சப்படுத்துவதற்காகக் குழு வைத்தால், எழும்பூரில் தொடங்கிய அதே கணக்கு திரும்ப வருகிறது.

குழு மதிப்பெண்ணில் அந்தக் கணக்கு இன்னும் அப்பட்டமாகத் தெரியும். நாற்பது கட்டுரைகளுக்குப் பதில் பத்து கட்டுரைகளைத் திருத்தினால் போதும். ஒருத்தி இரவு முழுக்க விழித்து எழுதுவாள், இருவர் பெயர் கொடுப்பார்கள், ஒருவர் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டுவார்; நால்வருக்கும் ஒரே மதிப்பெண். கல்வி ஆய்வாளர் ராபர்ட் ஸ்லாவின் கூட்டுக் கற்றல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து இரண்டு நிபந்தனைகளை வலியுறுத்தினார்: குழுவுக்குப் பொதுவான இலக்கு வேண்டும், ஒவ்வொருவரும் தான் கற்றதற்குத் தனியே பதில் சொல்ல வேண்டும். பயிற்சி நிறுவனங்கள் முதல் நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை நழுவவிடுகின்றன. ஆசிரியர் சான்றிதழோ தனி நபருக்குத்தான் கிடைக்கிறது. 2017-இல் இங்கே வகுக்கப்பட்ட ஆசிரியர் நெறிகளும் தரநிலைகளும் ஆறு தரங்களைச் சொல்கின்றன. அவற்றை எட்டியிருப்பதாக ஒவ்வொருவரும் தனித்தனியேதான் காட்ட வேண்டும். மூச்சுத்திணறும் குழந்தையை முதலில் பார்ப்பவர் குழு மதிப்பெண்ணில் தேறியவராக இருந்தால், விலை கொடுப்பது அந்தக் குழந்தை.

இரண்டு நிபந்தனைகளும் ஒன்றாக நிறைவேற வழி உண்டு. சமூக உளவியலாளர் எலியட் அரான்சன் 1971-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில், வெள்ளை, கறுப்பு, மெக்சிகோப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டுப் பகை மூண்டிருந்த நேரத்தில் ஒரு வழி கண்டார். பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். ஒருவர் துண்டு மற்றவருக்குத் தெரியாது. அவர் சொன்னால்தான் குழுவுக்குப் பாடம் முழுமையாகும். தேர்வு மட்டும் தனித்தனி. மெதுவாகப் பேசும் பிள்ளையைக் காத்திருந்து கேட்டே ஆகவேண்டிய நிலை வகுப்புக்கு வந்தது. அந்த யாழ்ப்பாணப் பெண்ணின் குழுவில் காலையில் பார்ப்பது ஒருத்தி, பிற்பகல் ஒருத்தி, வீட்டாரிடம் பேசுவது ஒருத்தி என்று முன்பே பிரித்துக் கொடுத்திருந்தால், பையன் அம்மம்மாவுக்குக் காத்திருப்பதை அவள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்னொரு பாடம் இருக்கிறது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமாரின் முயற்சியில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆசிரியர்கள் ஆந்திராவின் ரிஷிவேலிக்குப் போய் அங்கிருந்த கிராமப் பள்ளிகளின் முறையைப் பார்த்தார்கள். திரும்பி வந்து, பிள்ளைகள் படிப்படியாகக் கற்பதற்கான அட்டைகளைத் தாங்களே கூடித் தயாரித்தார்கள். எந்த எழுத்துக்குப் பிறகு எது, எந்த விளையாட்டு எந்தப் படியில் என்று அடித்துப் பேசி முடிவெடுத்தார்கள். அவர்களுக்கு அதைவிடச் சிறந்த பயிற்சி வேறு இருந்திருக்க முடியாது என்பேன். 2007–08 கல்வியாண்டில் அது மாநிலம் முழுக்கப் போனபோது அட்டைகள் அச்சாகி வந்தன, கூடவே படிகளின் வரிசையைக் காட்டும் ஏணிப்படமும் வந்தது. ஆனால் அட்டை செய்தவர்கள் தமக்குள் போட்ட வாதம் அச்சில் ஏறாது. மாணவர்களுக்குக் கூட்டுக் கற்றலை வழங்கிய அந்தத் திட்டத்தால், பல்லாயிரம் ஆசிரியர்களுக்கு அதே வாய்ப்பைத் தர முடியவில்லை. திட்டம் பிறகு பின்னடைந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

அங்கே 2015 முதல் பி.எட். படிப்பு இரண்டாண்டாகி, பள்ளியில் இருந்து கற்கும் காலமும் நீண்டிருக்கிறது. அந்தப் பயிற்சிக் காலத்தில் இரண்டு மாணவர்களை ஒரே வகுப்புக்கு அனுப்பலாம். ஒருவர் பாடம் நடத்த, மற்றவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளை மட்டும் முழுநேரமும் கவனிக்கலாம். மாலையில் அந்த வகுப்பின் ஆசிரியரோடு மூவருமாகப் பேசி, மறுநாள் இடம் மாறிக்கொள்ளலாம். ரெக்கார்டு நோட்டை அவரவர் எழுத வேண்டும். அதைப் பார்த்து எழுத முடியாது, ஏனென்றால் அந்த இரண்டு பிள்ளைகளைக் கவனித்தவர் அன்று ஒருவர்தான். இதற்குக் கருவியோ புதுக் கட்டடமோ வேண்டியதில்லை. வகுப்பாசிரியருக்கு மாலையில் முக்கால் மணி ஒதுக்கி, அதை அவருடைய வேலை நேரமாகவே கணக்கில் எடுக்க வேண்டும். நியூ லின்னிலும் நாங்கள் கேட்டுக்கொண்டிருப்பது அந்த முக்கால் மணியைத்தான்.