மலையைக் காப்பவர்களும் ஆற்றைக் குடிப்பவர்களும்

திருச்சியில் காவிரியைப் பற்றிப் பேச்செடுத்தால் அது பிலிகுண்டுலுவில் தொடங்கி மேட்டூரில் முடிந்துவிடும். 2018 பிப்ரவரி 16 அன்று உச்சநீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு உறுதி செய்த பங்கு 404.25 டிஎம்சி. அதில் கர்நாடகம் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தர வேண்டியது 177.25 மட்டுமே. மீதி 227 டிஎம்சி, எல்லைக்கு இந்தப் பக்கத்து நீர்ப்பிடிப்பில் கிடைப்பதாகக் கணக்கு. பாதிக்கும் மேல்! பவானியும் அமராவதியும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. பவானி நீரைப் பெரும்பாலும் ஈரோட்டுப் பக்கத்து வாய்க்கால்களே எடுத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனாலும் மழைக்காலத்தில் அமராவதி உபரி முக்கொம்பு அணையை எட்டுவதைப் பார்த்தவர்கள் ஸ்ரீரங்கத்தில் நிறையப் பேர் உண்டு.

177.25-க்காக வாதாட அரசு இருக்கிறது, மூத்த வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். இந்த 227-இன் ஊற்றுக்கண்களுக்காகப் பேசியவர்கள் நீலகிரி, பழனி மலைகளில் வாழும் சிறு சிறு குழுக்கள். அவர்கள் முயற்சி எவ்வளவு பலித்தது என்று பார்க்க வேண்டிய கடமை ஆற்றின் கீழ்க்கடையில் இருக்கும் நமக்கு உண்டு.

முதலில் பழனி மலைப் பாதுகாப்புச் சபை. 1985-இல் தொடங்கிய இந்த அமைப்பு, கோடைக்கானலில் அனுமதியை மீறி எழுந்த ஓர் ஓட்டலை எதிர்த்து வழக்கு நடத்தியது. அந்தக் கட்டடத்துக்கு விதிவிலக்கு தந்த அரசாணையைச் சென்னை உயர்நீதிமன்றம் 1995-இல் ரத்து செய்தது. உச்சநீதிமன்றத்துக்குப் போயும் ஓட்டல் தரப்பு வெல்லவில்லை. அரசாணையையே எதிர்த்து ஒரு மலை ஊரின் குடிமக்கள் வென்றது பெரிய காரியம். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், அதே ஊரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விதிமீறல் கட்டடங்கள்மீது நடவடிக்கை எடுக்கும்படி நீதிமன்றம் மறுபடி சொல்ல நேர்ந்தது. ஒரு கட்டடத்துக்கு எதிரான தீர்ப்பு அடுத்ததைத் தடுக்கவில்லை. இதில் சபையைக் குறை சொல்ல முடியாது. வழக்குப் போட மட்டுமே உரிமை உள்ளவர்களால், திட்ட அனுமதி தரும் அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து எதையும் தடுக்க இயலாது.

கடினமான கேள்வி வேறு: எதைக் காப்பது? நீலகிரியின் கிளென்மார்கனில் மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தினர் இரண்டு நீர்ப்பிடிப்புகளை அருகருகே ஒப்பிட்டார்கள். ஒன்றில் இயற்கைப் புல்வெளி. மற்றதில் புல்வெளியின் பெரும்பகுதியில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்). மரம் வைத்த பகுதியின் நீர்வரத்து முதல் சுற்றில் 16 விழுக்காடும், மரத்தை வெட்டித் துளிர்க்கவிட்ட இரண்டாம் சுற்றில் 25 விழுக்காடும் குறைந்தது. பச்சையாகத் தெரிவதெல்லாம் நீர் தருவதில்லை. அரசு பல பத்தாண்டுகள் புல்வெளிகளில் கற்பூர மரத்தையும் சீகை எனப்படும் வாட்டில் மரத்தையும் நட்டது. தோடர் பழங்குடியினரின் மேய்ச்சல் நிலம் அதில் போயிற்று. ஆகவே நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைச் சாதனையாகக் காட்டும் எந்த இயக்கத்தையும் நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன். சீகையை ஒட்டுமொத்தமாக வெட்டிவிடு என்ற எதிர்வாதமும் முழுக்கச் சரியல்ல. பழனி மலையில் பல இடங்களில் சீகை நிழலிலேயே, மலையின் இயற்கைக் காடான சோலையின் மரக்கன்றுகள் தாமாக எழுந்து வருகின்றன. அங்கே வெட்டினால் இருப்பதும் போகும். புல்வெளிக்குள் புதிதாகப் பரவும் சீகையைப் பிடுங்குவதும், சோலை திரும்பும் இடத்தைத் தொடாமல் விடுவதுமே அறிவுள்ள வழி. இதை இடத்துக்கு இடம் பிரித்தறிய, அங்கேயே வாழும் கண்கள் வேண்டும்.

கோத்தகிரியின் லாங்வுட் சோலையில் அத்தகைய கண்கள் இருக்கின்றன. பரப்பு 116 ஹெக்டேர்தான். சுற்றியுள்ள கிராமங்களின் குடிநீர் அதில்தான் ஊறுகிறது. உள்ளூர்க்காரர்களின் கண்காணிப்புக் குழு வனத்துறையோடு சேர்ந்து அதைக் காத்துவருகிறது. 2024 ஜனவரியில் அது பன்னாட்டு ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதே அறிவிப்பில் அரியலூரின் கரைவெட்டி ஏரியும் இருந்தது. நம் புள்ளம்பாடி வாய்க்காலில் காவிரி நீர் போய் நிரப்பும் ஏரி அது.

லாங்வுட் ஏன் நிலைத்தது? குடிப்பவர்களே காப்பவர்கள். என் மதிப்பீட்டில் இதுவே மற்றெல்லா முயற்சிகளையும்விடச் சிறந்தது. அதன் குறை இரண்டு. பரப்பு மிகச் சிறியது. குழுவுக்குச் சட்ட உரிமை ஏதுமில்லை. நல்ல வன அலுவலர் இருக்கும்வரை எல்லாம் நடக்கும். பழங்குடிகளுக்குச் சமூக வன வளத்தைக் காக்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் தருகிறது. தமிழ்நாட்டில் அது நீண்டகாலம் முடங்கிக் கிடந்தது. தோடர், இருளர், குறும்பர், பளியர் கிராமசபைகளுக்கு அந்த உரிமை எழுத்தில் கிடைக்காதவரை, மலைக்காப்பு தனிமனிதர்களின் ஆர்வத்தையே நம்பி நிற்கும்.

எனவே என் தீர்ப்பு இது: வழக்குகள் கெடுதலின் வேகத்தைக் குறைத்தன, அவற்றைத் தொடர வேண்டும். லாங்வுட் சரியான பாதையைக் காட்டியது, அதை விரிவாக்க வேண்டும். உண்மையான தோல்வி மலையில் இல்லை, சமவெளியில் இருக்கிறது. அந்த நீரால் விளைவித்தும் குடித்தும் வரும் திருச்சியும் டெல்டாவும் இந்தப் போராட்டங்களில் ஒருநாளும் தரப்பினராகச் சேரவில்லை.

திருச்சி ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. மேட்டூர் நீர்மட்டத்தைக் கேட்கும் நம் விவசாயச் சங்கங்கள், பவானி, அமராவதி நீர்ப்பிடிப்பில் எத்தனை ஹெக்டேர் புல்வெளி மீட்கப்பட்டது, எத்தனை கிராமசபைகளுக்கு வன உரிமை தரப்பட்டது என்றும் அங்கே கேட்டு, அதைத் தீர்மானமாக அரசுக்கு அனுப்ப வேண்டும்.