மேற்குச் சன்னலின் கண்ணாடி

கண்ணாடி வெயிலை உள்ளே விடும். அந்த வெயில் தரையிலும் சுவரிலும் பட்டு வெப்பமாக மாறியபின் அதை எளிதில் வெளியே விடாது. குளிர்நாடுகளில் இந்தக் குணத்தை நம்பித்தான் தெற்கே பெரிய சன்னல் வைத்து வீட்டைச் சூடாக்குகிறார்கள். ஜனவரி விடியலிலும் வெப்பநிலை 20 பாகையை ஒட்டியே நிற்கும் சென்னையில் அதே குணம் முழுக்கப் பாதகம்.

அடையாறு, தியாகராய நகர்ப் புதிய அடுக்ககங்களில் சுவரகலச் சன்னல்கள் வழக்கமாகிவிட்டன. அவை தரும் வெளிச்சம் மெய்யான நன்மை. நன்றாகப் பொருந்தி மூடும் யுபிவிசி சட்டம் தெருவின் புழுதியையும் வாகன இரைச்சலையும் பெருமளவு தடுக்கும். கேடு, கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கும் முறையில் இருக்கிறது. இரட்டைக் கண்ணாடி போட்டால் சூடு வராது என்ற நம்பிக்கை குளிர்நாட்டுக் கணக்கிலிருந்து வந்தது.

வெளியே 38 பாகை, ஏசி அறையில் 26 பாகை என்று கொள்வோம். இந்த 12 பாகை வேறுபாட்டால் ஒற்றைக் கண்ணாடியின் ஒரு சதுர மீட்டர் வழியே ஏறத்தாழ 68 வாட் வெப்பம் கடத்தப்படும். சாதாரண இரட்டைக் கண்ணாடி இதைப் பாதியாக்கும்; மிச்சம் 34 வாட். மேற்குச் சன்னலின் அதே ஒரு சதுர மீட்டர்மீது மாலையில் 600 வாட் வெயில் விழுந்தாலோ, ஒற்றைக் கண்ணாடி சுமார் 480 வாட்டையும் இரட்டைக் கண்ணாடி 420 வாட்டையும் உள்ளே அனுப்பும். வெயிலைத் தடுக்கும் பூச்சிட்டு, 0.3 பங்கை மட்டும் விடும் கண்ணாடியில் அது 180 வாட். சென்னை வீட்டுக்காரர் கடையில் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பங்கைத்தான். அடுக்கின் எண்ணிக்கை அடுத்தது.

சாயமிட்ட கண்ணாடி விலை மலிவு. ஆனால் அது வெயிலை உறிஞ்சித் தானே கொதித்து அறைக்குள் அனல் வீசும். பகலில் விளக்குப் போடவும் வைக்கும். முகம்பார்க்கும் கண்ணாடிபோல் மின்னும் பூச்சு வெயிலை எதிர்வீட்டின்மீது எறியும். குறுகிய மயிலாப்பூர்த் தெருவில் இது சிறிய குறையல்ல.

திசைக் கணக்கும் மாறும். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். மிக உயரத்தில் நிற்பதால் இரண்டடி சன்ஷேடே அதற்குப் போதும். மேற்கில் அது உதவாது: கத்தரி வெயிலின் மாலை நாலரை மணிக்கு அந்த சன்ஷேடு ஓரடி உயரத்துக்குத்தான் நிழல் தரும். மேற்குச் சன்னலைச் சிறிதாக்குவது எந்த விலையுயர்ந்த கண்ணாடியையும்விடப் பயன் தரும்.

எந்தக் கண்ணாடியும் காற்றுக்கு ஈடாகாது. ஒன்றிய மின்துறை 2018இல் வெளியிட்ட வீட்டுக் கட்டட விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா, வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் 16.66 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்கிறது. 900 சதுர அடி வீட்டுக்கு 150 சதுர அடி. ஸ்லைடிங் சன்னலோ பாதிதான் திறக்கும். அதனால் அதே காற்றுக்கு இருமடங்கு கண்ணாடி வைக்க நேர்கிறது. பிற்பகல் கடற்காற்று எட்டும் அடையாற்றில் இது பெரிய இழப்பு. இருபுறமும் முழுதாகத் திறக்கும் பழைய கதவுச் சன்னலே அங்கு மேல்.

திரைச்சீலை கண்ணாடி தாண்டி வந்துவிட்ட வெயிலைத்தான் மறைக்கிறது. மயிலாப்பூர்ப் பழைய வீடுகளின் மூங்கில் தட்டி வெளியே தொங்கியதால் வெயில் கண்ணாடியைத் தொடுமுன்பே நின்றது. அடுக்ககத்தில் முகப்பு மாறக்கூடாது என்ற விதி பலநேரம் தட்டிக்கு இடம் தருவதில்லை. ஆகவே மேற்குப் பக்கத்து வெளிமறைப்பைக் கட்டட வரைபடத்திலேயே சேர்த்தாக வேண்டும்.