இரண்டு திரைகளில் ஒரு கடற்கொள்ளையன்

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள். அலுவிகாரையில் தங்கையின் வீட்டு முன்கூடத்தில் பிள்ளைகள் கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான, பிரியதர்ஷன் இயக்கிய 'மரைக்காயர்: அரபிக்கடலின் சிங்கம்'. படம் பாதி போயிருக்கும். மருமகன் தலையை நிமிர்த்தி என்னிடம் கேட்டான்:

"மாமா, இவர் நல்ல கொள்ளைக்காரரா, கெட்ட கொள்ளைக்காரரா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. "இவர் கொள்ளைக்காரரே அல்லர்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் படமே குஞ்ஞாலி மரைக்காரை, இருந்தவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுக்கும் கொள்ளையனாகத்தான் முதலில் வளர்த்தெடுக்கிறது. பிள்ளையின் மனதில் ஒரு சூத்திரம் ஏற்கனவே பதிந்திருக்கிறது. கடற்கொள்ளையரில் இரு வகையினர் உண்டு. ஒருவரை நேசிக்க வேண்டும், மற்றவரை வெறுக்க வேண்டும். அந்தச் சூத்திரத்தை நாங்களும் படமாளிகையில்தான் கற்றோம். எங்களுக்குக் கற்றுத் தந்தவர் எம்.என்.நம்பியார்.

நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். மீது மலையகத்துக்கும் அதன் அயலுக்கும் இருந்த ஒட்டுறவைப் பற்றிப் புதிதாக எழுத ஒன்றுமில்லை. 1965இல் வெளிவந்த 'ஆயிரத்தில் ஒருவன்' எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் பார்த்த படம். அதன் கதை கரிபியன் கடலிலிருந்து வந்தது என்பதை வெகுகாலம் கழித்தே அறிந்துகொண்டேன். ரஃபேல் சபாட்டினி 1922இல் எழுதிய 'கேப்டன் பிளட்' என்ற நாவலை, 1935இல் மைக்கேல் கர்ட்டிஸ் அதே பெயரில் படமாக்கினார். எரோல் ஃபிளின் கதாநாயகன். பசில் ராத்போன் வில்லன். முப்பது ஆண்டுகளின் பின் பி.ஆர்.பந்துலு அந்தக் கதையைத் தமிழ்க் கடலில் இறக்கினார். எனவே ராத்போனின் லெவாசரும் நம்பியாரின் கொள்ளையர் தலைவனும் ஒரே பாத்திரத்தின் இரு பிறவிகள். அவ்விருவரையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால், 'நல்லவன்', 'கெட்டவன்' என்ற அந்தக் கோடு எப்படிக் கீறப்படுகிறது என்பது தெரியவரும்.

கதை இதுதான். 1685இல் இங்கிலாந்தில் நடந்த மொன்மத் கிளர்ச்சியில் காயப்பட்ட ஒருவனுக்கு மருந்திட்ட குற்றத்துக்காக, பீட்டர் பிளட் என்ற ஐரிஷ் மருத்துவன் ஜமேக்காவுக்கு அடிமையாக அனுப்பப்படுகிறான். பத்துப் பவுணுக்கு அவனை வாங்குகிறவள் அரபெல்லா என்ற சீமாட்டி. ஸ்பானியர் தாக்கும் குழப்பத்தில் அவனும் தோழர்களும் ஒரு கப்பலைக் கைப்பற்றித் தப்புகிறார்கள், கடற்கொள்ளையராகிறார்கள். லெவாசர் என்ற பிரெஞ்சுக் கொள்ளையனோடு பிளட் கூட்டுச் சேர்கிறான். பின்னர் அரபெல்லா லெவாசரின் கையில் சிக்க, கூட்டு முறிந்து வாட்போரில் முடிகிறது.

தமிழில் பிளட் மணிமாறனாகிறான், அரபெல்லா பூங்கொடியாகிறாள். இங்கிலாந்தின் இடத்தில் நெய்தல் நாடு. ஜமேக்காவின் இடத்தில் கன்னித் தீவு. பெயர்களை மாற்றியதோடு வேலை முடிந்துவிட்டதென்றே பலரும் எண்ணுகிறார்கள். வில்லனின் பாத்திரத்தைக் கவனித்தால் அப்படியல்ல என்பது புரியும்.

ராத்போன் திரையில் இருக்கும் நேரம் சொற்பம். அந்தச் சொற்ப நேரத்துக்குள் அவன் கெட்டவன் என்று நாம் நம்பியாக வேண்டும். ஏனெனில் கதாநாயகனும் அந்த வேளையில் கப்பல்களைக் கொள்ளையடித்துக்கொண்டுதான் இருக்கிறான். இருவரும் ஒரே தொழில். ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள். பின் எப்படி வேறுபடுத்துவது? கர்ட்டிஸ் எடுத்துக்கொண்ட வழி சுலபமானது. லெவாசருக்குப் பிரெஞ்சு உச்சரிப்பு, சுருள் சுருளாகத் தொங்கும் கூந்தல், மெல்லிய மீசை, பெண்களைப் பார்க்கும் ஒரு பார்வை. அவன் இன்ன குற்றம் செய்தான் என்பதற்கு முன்னரே அவன் அந்நியன் என்பது நிலைநாட்டப்பட்டு விடுகிறது. பிளட் கப்பலில் சட்டம் வகுக்கிறான். அங்கம் இழந்தவனுக்கு இன்ன நட்டஈடு என்று எழுதி வைக்கிறான். அவன் செய்வது கொள்ளையாயினும் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. லெவாசருக்கு அந்த ஒழுங்கு இல்லை என்பதே படத்தின் வாதம்.

ஆனால் அந்த வாதம் அரபெல்லாவின் விடயத்தில் ஆட்டம் காண்கிறது. சிறைபிடித்தவளை லெவாசர் தன் பங்கு என்கிறான். பிளட் என்ன செய்கிறான்? முத்துக்களைக் கொட்டி அவளை விலைக்கு வாங்குகிறான். தன்னைப் பத்துப் பவுணுக்கு வாங்கியவளைத் தான் திருப்பி வாங்கும் ஒரு குறும்பாகப் படம் அதைக் காட்டுகிறது. பெண் விலைப்பொருள் என்பதில் இரு கொள்ளையருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. விலையில்தான் தகராறு. பிறகு வாட்போர். ராத்போன் நிஜத்தில் தேர்ந்த வாள்வீரர். திரையிலோ தோற்பதற்கென்றே சண்டையிட்டவர். மணலில் விழுந்து கிடக்கும் லெவாசரின் முகத்தில் அலை வந்து மோதுகிறது. அவனோடு 'கெட்ட கொள்ளை'யும் செத்துவிடுகிறது. இறுதியில் இங்கிலாந்தின் புதிய அரசர் பிளட்டை ஏற்றுக்கொள்கிறார், அவன் ஆளுநராகிறான். நேற்றைய கொள்ளை இன்றைய அரச பதவிக்குத் தகுதியாகிறது. கரிபியனில் ஐரோப்பியர் நடத்திய ஆட்சிகளின் வரலாறே அதுதான் என்பது வேறு விடயம்.

பந்துலுவிடம் இந்த வழி இல்லை. நெய்தல் நாட்டில் ஆங்கிலேயரும் இல்லை, பிரெஞ்சுக்காரரும் இல்லை. எல்லோரும் ஒரே தமிழைத்தான் பேசுகிறார்கள், ஆர்.கே.சண்முகத்தின் கூர்தீட்டிய வசனத் தமிழ். எனவே வில்லனை அந்நியனாக்கி வெறுக்க வைக்க முடியாது. அவன் நம் மொழியில், நம் கதாநாயகனுக்குச் சமமாக, சில வேளை அவனை மிஞ்சியும் பேசுகிறவன். வாட்போருக்கு முன்னர் நடக்கும் சொற்போரே ரசிகர்களுக்கு மனப்பாடமாக இருப்பது. நம்பியார் ஒரு கேள்வியை வீசுவார்; எம்.ஜி.ஆர். அதே சந்தத்தில் அதை மடக்குவார். ராத்போனின் லெவாசருக்கு இந்த வாய்ப்பு கொடுக்கப்படவில்லை. அவன் உறுமுகிறான், நம்பியார் வாதிடுகிறார். வாதிடுகிறவனைப் பார்வையாளர் வெறுக்கலாம். அவன் தரப்பைக் கேளாமல் இருக்க முடியாது.

இன்னொரு முக்கிய மாற்றமும் உண்டு. பிளட் தானாகக் கொள்ளையனாகிறான். மணிமாறன் அப்படியல்ல. தன் தோழர்களுக்காக, வேறு வழியின்றி அந்தத் தலைவனுக்குக் கட்டுப்படுகிறான். கதாநாயகனின் கை கறைபடக் கூடாது என்ற எம்.ஜி.ஆர். படங்களின் நியதி இது. அதனால் ஆங்கிலப் படத்தில் கூட்டாளியாக இருந்த வில்லன், தமிழில் எசமானனாகிறான். அடிமைச் சந்தையில் விற்றவன், கன்னித் தீவில் வேலை வாங்கியவன், கடலில் கொள்ளையடிக்கச் சொன்னவன் என்று எசமானர்கள் மாறிக்கொண்டே போகிறார்கள். நம்பியார் அந்த வரிசையில் கடைசி ஆள். அவரை எதிர்ப்பது ஒரு கொள்ளையனை எதிர்ப்பதாக இல்லாமல், அடிமைத்தனத்தை எதிர்ப்பதாகிவிடுகிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்த அதே பந்துலுதான் இதையும் எடுத்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. வெள்ளையனின் கடலாதிக்கத்துக்கு எதிராகக் கப்பல் விட்ட வ.உ.சி.யின் கதையைச் சொன்னவருக்குக் கடல் வெறும் சாகசக் களமாக இருந்திருக்க முடியாது.

பெண்ணின் விடயத்தில் மட்டும் தமிழ்ப் படம் ஓர் அங்குலமும் முன்னேறவில்லை. பூங்கொடி கொள்ளையர் நடுவே ஏலத்தில் நிறுத்தப்படுகிறாள், ஆடவும் வைக்கப்படுகிறாள். ஆங்கிலப் படத்தில் ஒரு பேரமாக முடிந்தது இங்கே ஒரு பாடற்காட்சியாக நீள்கிறது. அந்த ஏலத்தைக் கண்டிக்கும் படமே அதைப் பார்வையாளருக்கு விருந்தாகவும் வைக்கிறது. நம்பியாரை நாம் வெறுப்பது எதற்காகவோ, அதைப் பார்க்கத்தான் நாமும் சீட்டு வாங்கி உட்கார்ந்திருக்கிறோம்.

இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்வதானால், நடிப்பின் நுட்பத்தில் ராத்போனுக்கு முதலிடம் கொடுக்கலாம். குறைந்த நேரத்தில் நிறைந்த நடிப்பு. ஆனால் பாத்திரமாக நம்பியாரின் தலைவனே பெரியவன். ராத்போன் கதாநாயகனின் கறையைத் துடைக்கும் துணி. துடைத்த பின் அலையில் எறியப்படுகிறான். நம்பியார் ஒரு நிலைப்பாடு. ஆயினும் இரு படங்களும் ஒரு கேள்வியை ஒருபோதும் கேட்பதில்லை. இவர்களைக் 'கொள்ளையர்' என்று முதலில் அழைத்தது யார்? கடல் யாருடையது என்று தீர்மானித்தவன் யார்?

எமக்கு இந்தக் கேள்வி பொழுதுபோக்கு அல்ல. தமிழ்த் திரையில் கொள்ளையர் கூட்டத் தலைவனுக்கு அரபுப் பெயர் பொருந்துமென்பதை 1956இன் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் பி.எஸ்.வீரப்பாவின் அபு உசேன் வெடிச்சிரிப்போடு நிரூபித்துப் போனார். அது கற்பனைக் கதை, விட்டுவிடலாம். ஆனால் ஏட்டிலும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இந்து சமுத்திரத்தில் 'கர்த்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டை நடைமுறைப்படுத்தினார்கள். அதைப் பெறாத கப்பல் எதுவானாலும் பறிமுதல் செய்யலாம். அதுவரை தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்த கடலில், சீட்டில்லாமல் பாய் விரித்தவர் ஒரே நாளில் குற்றவாளியானார். திருப்பித் தாக்கியவர் கடற்கொள்ளையரானார். மரைக்கார்கள் அப்படித்தான் போர்த்துக்கேயர் ஏட்டில் ஏறினார்கள்.

அந்த ஏட்டில் எம் தீவும் இருக்கிறது. சீதாவாக்கை மன்னன் மாயாதுன்னைக்கு உதவ வந்த மரைக்கார்களின் கடற்படை, 1538இல் மண்டபத்துக்கு அண்மையிலுள்ள வேதாளையில் முறியடிக்கப்பட்டது. மறு ஆண்டு போர்த்துக்கேயரோடு சமாதானம் செய்த மாயாதுன்னை, அதன் விலையாகத் தன் உதவிக்கு வந்திருந்த மரைக்கார்களின் தலைகளைக் கொடுத்தான் என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அறுபது ஆண்டுகளின் பின் இதே நாடகம் மலபாரில் மீண்டும் அரங்கேறியது. 1600 மார்ச்சில் நான்காம் குஞ்ஞாலி, உயிருக்கு உத்தரவாதம் பெற்றுத் தன் அரசரான சாமூதிரியிடம் சரணடைந்தார். போர்த்துக்கேயர் அவரைப் பிடித்து கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். தலை உப்பிடப்பட்டுக் கண்ணூரில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

இந்த மனிதரைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். 1967இல் எஸ்.எஸ்.ராஜன் இயக்கிய மலையாளப் படத்தில் கொட்டாரக்கரை ஸ்ரீதரன் நாயர் குஞ்ஞாலியாக நடித்தார். தயாரித்தவர் டி.கே.பரீக்குட்டி. அதன் பின் 2021இல் மோகன்லால். வில்லனாக எழுதப்பட்டவரைக் கதாநாயகனாக்கியது நல்ல காரியமே. ஆனால் பிரியதர்ஷன் செய்தது என்ன? பிளட்டின் சட்டையை எடுத்துக் குஞ்ஞாலிக்குப் போட்டுவிட்டார். ஏழைகளுக்கு வாரி வழங்கும் கொள்ளையன். காதலியைப் பறிகொடுத்த சோகம். துரோகிகள் சூழ்ந்த அரசவை. சாமூதிரிக்கும் குஞ்ஞாலிக்கும் ஏற்பட்ட முறிவு, துறைமுகங்களும் வர்த்தகமும் அதிகாரமும் சம்பந்தப்பட்டது. குஞ்ஞாலி தன்னைக் கடலின் அதிபதியாக அறிவித்துக்கொண்டார், சாமூதிரியின் யானையின் வாலை அறுத்தார் என்றெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. படத்தில் அந்த முறிவு ஒரு காதல் பிணக்குக்கும் கொலைக்கும் சுருங்கிப்போகிறது. கர்த்தாஸ் என்ற சீட்டு எப்படி ஒரு வணிகனைக் கொள்ளையனாக்கியது என்பதைப் படம் விளக்கியிருந்தால், பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டான்.

கெட்ட கொள்ளையனை நல்ல கொள்ளையனாக்குவது அரைவாசி நியாயம்தான். குஞ்ஞாலிகளின் படகுகள் பிறர் கப்பல்களைப் பிடிக்கவில்லை என்று நாமும் சாதிக்கத் தேவையில்லை. அவர்கள் மலக்குகள் அல்லர். போரில் இருந்த மனிதர்கள். மனிதர்களாகக் காட்டுவதற்குத்தான் கலைஞன் வேண்டும். அந்த வகையில், நம்பியாரின் கற்பனைக் கொள்ளையனுக்குக் கிடைத்த வாதிடும் உரிமைகூட நிஜமான குஞ்ஞாலிக்கு இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை என்பேன். அவர் முழங்குகிறார், போர் செய்கிறார், மடிகிறார். தான் ஏன் அந்தக் கடலில் நின்றார் என்பதை ஒரு வியாபாரியின் மொழியில், ஒரு மாலுமியின் மொழியில் சொல்ல அவருக்கு ஒரு காட்சி வேண்டும்.

அலுவிகாரைக் குகைகள் எங்கள் வீட்டிலிருந்து நடை தூரம். வாய்வழி வந்த திரிபிடகம் கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்ட இடம் அது. எழுதப்பட்டதுதான் நிற்கும் என்பதை இந்த மண் அறியும். அவ்வாறே, எழுதப்பட்டதை மாற்றி எழுதலாம் என்பதையும் அறியும். 1848 மாத்தளைக் கிளர்ச்சியில் ஆங்கிலேயர் சுட்டுக்கொன்ற புரன் அப்பு, அவர்களது பதிவுகளில் தேடப்பட்ட குற்றவாளி. இன்று தேசிய வீரர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அவரைத் திரைக்கும் கொண்டுவந்தார். எங்கள் மரைக்கார்களை இத்தீவின் கண்ணிலிருந்து யார் எழுதப்போகிறார்கள்? சீதாவாக்கையில் கொடுக்கப்பட்ட அந்தத் தலைகளைப் பற்றி எம்மிடம் ஒரு நாவல் உண்டா, ஒரு நாடகம் உண்டா?

மருமகனுக்கு அன்று நான் சொன்ன பதில் இதுதான்: "மகன், அவர் கப்பல்காரர். கொள்ளைக்காரர் என்று அவருக்குப் பேர் வைத்தவன், அந்தக் கப்பலைப் பிடிக்க வந்தவன்."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு கேட்டான்: "அப்ப, பிடிக்க வந்தவனுக்குப் பேர் என்ன மாமா?"

அந்தக் கேள்வியை எழுதுகிறவர்களிடம் விட்டுவிடுகிறேன்.