சால்வையும் கம்பளியும்

சித்திரக்கதை என்றதும் முகஞ்சுளிக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே இன்னும் உண்டு. மேசைக்கு அடியில் மாணவன் ஒளித்து வைத்துப் படிக்கும் பண்டம் அது என்ற நினைப்பு அவர்களை விட்டு அகலவில்லை. முற்போக்கு வட்டத்தினராகிய நமக்கோ இன்னொரு தயக்கமும் உண்டு. கனவு, மாயம், பேசும் மிருகம் என்று வந்துவிட்டால், வாழ்க்கையிலிருந்து தப்பியோடும் எழுத்து என்று முத்திரை குத்திவிடுகிறோம். இவ்விரு தயக்கங்களையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, நிதி சனானி எழுதியும் வரைந்தும் 2017இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த 'பஷ்மினா' என்னும் சித்திர நாவலை இங்கே ஆராய எடுத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அமைந்த இந்நூல் சிறுவர்க்கென ஆக்கப்பட்டது. ஆயினும் இரத்தினபுரி மாவட்டத்துக் கொடகவெலையைச் சூழ்ந்த இறப்பர், தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைகளுக்குக் கற்பிப்போர் இதனைப் படிக்க வேண்டும் என்பது நம் கருத்து.

கதை எளியது. கலிபோர்னியாவில் தாயுடன் வாழும் பிரியங்கா என்ற பள்ளிச் சிறுமி, சுருக்கமாகப் பிரி, படம் வரைவதில் ஆர்வமுள்ளவள். தன் தந்தை யார், தாய் இந்தியாவை விட்டு ஏன் வந்தாள், ஏன் திரும்பிப் போகவில்லை என்று கேட்கிறாள். தாய் வாய் திறப்பதில்லை. ஒருநாள் பழைய பெட்டி ஒன்றுக்குள் ஒரு பஷ்மினா சால்வை கிடைக்கிறது. அதைப் போர்த்தியதும் பிரி வேறோர் உலகில் நிற்கிறாள். ஒரு யானையும் ஒரு மயிலும் பேசிக்கொண்டே வழிகாட்டி வருகின்றன; எங்கும் வண்ணம், எங்கும் விழா. ஆனால் ஒரு நிழல் அவளைத் தொடர்கிறது. அந்த நிழலைக் கண்டதும் வழிகாட்டிகள் அவளை அவசரமாக அப்பால் இழுத்துச் செல்கின்றன. பின்னர் பிரி கொல்கத்தாவிலுள்ள தாயின் சகோதரி மீனாவிடம் மெய்யாகவே பயணம் செய்கிறாள். சால்வையின் பிறப்பிடத்தைத் தேடிப் புறப்படுகிறாள்.

ஆசிரியை கொல்கத்தாவில் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்தவர். ஆதலால் இரவல் அனுபவத்தின் சாயல் நூலில் இல்லை. அவர் கையாளும் உத்தியும் வெளிப்படையானது. பிரியின் அன்றாட வாழ்வு மங்கிய ஒற்றை நிறத்தில் வரையப்பட்டிருக்கிறது. சால்வைக்குள் தோன்றும் இந்தியா மட்டும் பக்கம் முழுவதும் நிறங்களாய்ப் பொங்குகிறது. உரைநடை பத்துப் பக்கத்தில் சொல்லக்கூடியதை ஏடு திருப்பும் ஒரு கணத்தில் இது சொல்லிவிடுகிறது. பார்த்திராத நாடே பிள்ளைக்கு நிறமுள்ள நாடாகவும், வாழும் நாடு சாம்பல் நாடாகவும் படுகிறது. இந்த ஏற்பாடு குழந்தையின் மனத்தில் எப்படி உருவாயிற்று என்று கேட்பதுதான் விமர்சகனின் கடமை.

அதற்கு விடை நூலிலேயே இருக்கிறது. யானை, மயில், அரண்மனை, விழா ஆகியவை எந்தக் குழந்தையும் தானாகக் கண்ட கனவுகள் அல்ல. உல்லாசப் பயணிகளை அழைக்கும் சுவரொட்டியில் அச்சாகும் இந்தியா அது. தாய் மௌனமாக இருந்த இடத்தில், சந்தை தன் படத்தைத் தொங்கவிட்டிருக்கிறது. சனானி இதை ஓரளவு உணர்ந்தே எழுதியிருக்கிறார் என்று நாம் எண்ணுகிறோம். இல்லாவிட்டால், இனிமையாகப் பேசும் வழிகாட்டிகள் அந்த நிழலை மட்டும் காட்ட மறுப்பார்களா? நூலின் ஆகச் சிறந்த கற்பனை அந்த யானையுமல்ல, மயிலுமல்ல, அந்த நிழலே. அழகான கனவு எதை மறைக்கிறது என்ற கேள்வியைக் கனவுக்குள்ளேயே நடமாட விட்டிருக்கிறார். மாயக்கதை என்று ஒதுக்குவோர் இந்த இடத்தைக் கவனிப்பார்களாக.

கொடகவெலைக்கு வருவோம். பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர் இது. மலையகம் என்றவுடன் நுவரெலியாவையும் அட்டனையும் நினைக்கும் நம் இலக்கிய உலகத்துக்குச் சப்பிரகமுவத் தோட்டங்கள் எப்போதும் இரண்டாம் பட்சம். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே லயங்கள் சிதறிக் கிடக்கும் பிரதேசம். விளையாட்டில் சிங்களமும் வீட்டில் தமிழும் பேசி வளரும் பிள்ளைகள் இங்கே ஏராளம். அவர்களின் கொள்ளுப்பாட்டியிடம் 'ஊர் எது' என்று கேட்டிருந்தால், தான் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் பெயரை அவள் சொல்லியிருக்கமாட்டாள். திருச்சி ஜில்லா, சேலம் ஜில்லா, புதுக்கோட்டைப் பக்கம் என்று கடலுக்கு அப்பால் கை நீட்டியிருப்பாள். மூன்று தலைமுறை பார்க்காத ஊர்! அங்கே குளம் இருந்தது, மாரியம்மன் திருவிழா இருந்தது, புளியமரம் இருந்தது. பிரியின் சால்வைக்குள் இருந்ததை விட அந்த ஊருக்கு நிறம் குறைவென்று சொல்லிவிட முடியாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து இந்த மக்களைக் கப்பலேற்றியதும் ஒரு கனவுதான். தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணிமார் ஆசை காட்டியதாக வாய்வழி வரலாறு இன்றும் சொல்லும். மாயக்கதையைத் தொழிலாளர் ஆட்சேர்ப்புக்குப் பயன்படுத்தத் தெரிந்திருந்தது தோட்ட முதலாளித்துவத்துக்கு. கோகிலம் சுப்பையா 1964இல் வெளியிட்ட தம் மலையக நாவலுக்குத் 'தூரத்துப் பச்சை' என்று பெயரிட்டார். அந்த ஒரு தலைப்புக்குள் இரு கரையின் ஏமாற்றமும் அடங்கியிருக்கிறது. அங்கிருந்து பார்க்க இலங்கை பச்சை. இங்கிருந்து பார்க்க இந்தியா பச்சை.

அதே 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கு பிரிக்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாக்கிக் கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகச் சென்றவர்களில் பலர் நீலகிரியிலே மீண்டும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தனர். இங்கே 'இந்தியாக்காரன்' என்றும் 'கள்ளத்தோணி' என்றும் வசை கேட்டவர், அங்கே இறங்கியதும் 'சிலோன்காரர்' ஆனார். சால்வையை விலக்கிவிட்டு மெய்யான கொல்கத்தாவில் நிற்கும் பிரிக்கு, சால்வை காட்டிய நாடு அங்கே இல்லை என்று தெரியவரும் பக்கங்களை நாம் இந்த நினைவோடுதான் படித்தோம். அவளுக்குத் திரும்பிப் போக விமானச் சீட்டு இருந்தது. மண்டபத்தில் இறங்கியவர்களுக்கு அது இல்லை.

நூலின் குறையும் இந்த இடத்திலேதான் தெரிகிறது. பெண்ணுக்குத் தன் வாழ்வில் எந்தெந்த வழிகள் உண்டு என்பதைக் காட்டும் ஆற்றல் சால்வைக்கு இருப்பதாகக் கதை நகர்கிறது; சக்தி தேவியின் அருளும் அதில் கலக்கிறது. தெரிந்தெடுக்கும் உரிமை பெண்ணுக்கு வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் தெரிவு என்பது அஞ்சாமையும் தெளிவும் உள்ள ஒருத்தி தனியே செய்துகொள்ளும் காரியம் என்பதுபோல ஆசிரியை எழுதிச் செல்கிறார். ஒப்பந்தக் காலத்திலும் தோட்டத்து மக்களின் கையில் விண்ணப்பப் படிவம் கொடுக்கப்பட்டது. இந்தியாவா, இலங்கையா என்று தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அப்பன் ஒரு நாட்டுக்கும் மகன் இன்னொரு நாட்டுக்கும் எழுதிக் குடும்பங்கள் பிளந்தன. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டபோது வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடியவர்களும் ஒரு வகையில் 'தெரிந்தெடுத்தவர்களே'. நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். வழிகளைக் காட்டுவதற்குத் தேவி போதும். வழிகளைத் திறப்பதற்குச் சட்டமும் கூலியும் காணியும் வேண்டும். இந்த வேறுபாட்டை நூல் தொடவில்லை.

நிழல் வரைக்கும் துணிந்து போன கற்பனை, தேவியிடம் வந்ததும் அடங்கிவிடுகிறது. இது சனானிக்கு மட்டும் உரிய நோயன்று. சித்திரக்கதைக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான வின்ஸர் மக்கே, 1905 அக்டோபரில் 'நியூயார்க் ஹெரால்ட்' இதழில் 'லிட்டில் நீமோ' என்ற தொடரைத் தொடங்கினார். ஒரு சிறுவன் ஒவ்வொரு வாரமும் கனவு நாட்டுக்குப் போவான். கடைசிக் கட்டத்தில் விழித்துக்கொள்வான். 1908இல் அந்தக் கனவு அவனை ஒரு சேரிக்கு அழைத்துச் சென்றது. கந்தல் உடுத்த பிள்ளைகளும் நோயுற்ற சிறுமியும் இருக்கும் அந்த இடத்தை நீமோ மந்திரக்கோல் கொண்டு அழகாக்கிவிடுகிறான். செய்தித்தாள் முதலாளியின் வண்ணப் பக்கத்தில் சேரி தோன்றியதே பெரிது என்று கொள்ளலாம். மந்திரக்கோலைத் தவிர வேறு கருவி அந்தச் சிறுவனின் கைக்குக் கொடுக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே நாம் குறித்துக்கொள்ள வேண்டும். (அதே தொடரில் கருநிறச் சிறுவன் ஒருவன் மொழியற்ற காட்டுமிராண்டியாக வரையப்பட்டிருப்பதைப் பார்க்கையில், குழந்தைக் கற்பனை எவ்வளவு 'தூயது' என்பதும் விளங்கும்.)

இன்னுமொன்று சொல்ல வேண்டும். அது சால்வையைப் பற்றியது. பஷ்மினா என்பது லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில் வளரும் ஆட்டின் அடிமயிர். வசந்த காலத்தில் அதைச் சீவி எடுக்கிறார்கள். காஷ்மீரத்துப் பெண்கள் வீட்டில் இராட்டினத்தில் கையால் நூற்கிறார்கள். மயிரிழையினும் மெல்லிய அந்நூலுக்கு அவர்கள் பெறும் கூலிக்கும், சால்வை கடையில் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில்தான் அந்த வியாபாரம் வாழ்கிறது. பிரி தன் சால்வையின் பிறப்பிடத்தைத் தேடுகிறாள் என்பது நூலுக்குப் பெருமையே. சிறுவர் கதைகளில் மாயப் பொருள்கள் பெரும்பாலும் தாமாக முளைத்தவைபோல இருக்கும். விளக்கைத் தேய்த்தவனைப் பற்றித்தான் நாம் அறிவோம், விளக்கை வார்த்த கன்னானை யார் கேட்டார்? அந்த வழக்கத்தைச் சனானி உடைத்திருக்கிறார். ஆனால் கைகளைத் தேடிப் புறப்பட்ட கதை, கூலியைப் பற்றிப் பேசுமுன்னே அற்புதத்தில் இளைப்பாறிவிடுகிறது.

நம் தோட்டத்துப் பிள்ளைக்குச் சால்வை ஏது? அவள் பாட்டியிடம் கம்பளி இருந்தது. மழையில் கொழுந்து கொய்யப் போகையில் தலையிலிருந்து முதுகு மறையப் போர்த்துக்கொண்ட முரட்டுக் கம்பளி. இரவில் அதுவே பிள்ளைக்குப் போர்வை. புகையும் ஈரமும் கலந்த அதன் மணத்தினுள் படுத்துக்கொண்டுதான் ஊர்க் கதைகளைப் பேரப்பிள்ளைகள் கேட்டார்கள். கம்பளி சும்மா கிடைத்ததும் அன்று. அதன் விலை தொழிலாளியின் கணக்கில் பற்றெழுதப்பட்டுச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. மாயமும் கடனும் ஒரே துணியில் நெய்யப்பட்டிருந்தன. இந்தப் பொருளைக் கொண்டு ஒரு சித்திர நாவல் வரையப்படுமானால், அதற்கு நிழலை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை.

'பஷ்மினா'வை வகுப்பில் படித்துக் காட்ட விரும்பும் ஆசிரியர்க்கு மொழி ஒரு தடை. எனினும் படங்கள் பாதிக் கதையைச் சொல்லிவிடுகின்றன. மீதியை ஆசிரியர் தமிழில் சொல்லலாம். தாய் பேச மறுக்கும் பக்கங்களை அவசரமாகத் தள்ளிவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். யானையையும் மயிலையும் பிள்ளைகள் தாமாகவே பார்த்துக்கொள்வார்கள். அதன்பின் ஒரு தாளும் வண்ணக் குச்சியும் கொடுத்து, வீட்டிலுள்ள மிகப் பழைய துணி எது, அது யாருடையது, எங்கே வாங்கியது, எவ்வளவுக்கு வாங்கியது என்று கேட்டு வந்து வரையச் சொல்லலாம். எந்த நிறத்தில் வரைவது என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும்.