வீடு திரும்ப விலை உண்டோ?

மீரா நாயர் இயக்கி 1988-இல் வெளிவந்த 'சலாம் பாம்பே' என்னும் இந்தித் திரைப்படம், கான் விழாவில் முதற்பட இயக்குநருக்குரிய தங்கக் கேமரா விருதைப் பெற்றது. பம்பாய்த் தெருச் சிறுவர்களே பயிற்சி பெற்று இதில் நடித்தனர். போதையைக் குறித்துப் பிரசங்கிக்கும் ஆயர்கள் இதனைக் காண்பது நலம்.

அண்ணனின் வண்டியை எரித்த சிறுவன் கிருஷ்ணா, 500 ரூபாய் ஈட்டினாலன்றி வீடு திரும்ப இயலாது. பம்பாயில் தேநீர் சுமந்து காசு சேர்க்கிறான். அங்கே அவனுக்குத் துணையாவோன் சில்லம். பாபா என்பவனுக்காகப் போதைத்தூள் விற்று, தானும் அதற்கு அடிமையான இளைஞன். பாபா அவனைக் கைவிட்டபின், கிருஷ்ணாவின் சேமிப்பு நண்பனின் போதையிலேயே கரைகிறது. சில்லம் மாள்கிறான்.

இங்கே நம்மை உறுத்துவது யாது? சிறுவனின் அன்பில் குறையில்லை; ஆயினும் அறிவற்ற அன்பு நண்பனைக் காக்கவில்லை. அடிமைப்பட்டவனைப் பாவி என்று மட்டுமே கண்டிக்கும் நம் பிரசங்கமோ, அந்த அன்பையும் காட்டுவதில்லை.

படத்திற்கும் ஒரு குறையுண்டு. மீளும் வழி எதையும் அது காட்டவில்லை. இரக்கம் கண்ணீரோடு நின்றுவிடுகிறது. ஆனால் வழியில்லாமல் இல்லை. சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் 1980 முதல் இதனை நோயாகக் கருதிச் சிகிச்சை அளித்து, குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்கி வருகிறது. இப்படத்தின் விளைவாகவே தெருச் சிறுவருக்கென 'சலாம் பாலக்' அறக்கட்டளையும் தோன்றியது.

லூக்கா 15-ஆம் அதிகாரத்துத் தந்தை விலை கேட்கவில்லை. மகன் தன் அறிக்கையைச் சொல்லி முடிக்குமுன்னரே, பன்றிகளிடையே கிடந்தவனைக் கட்டித் தழுவினார். நாமோ, "குணமடைந்தபின் வா" என்கிறோம். அதுவே நம் 500 ரூபாய்.

தாமலில் தறியைவிட்டுத் திருப்பெரும்புதூருக்கும் சென்னைக்கும் வேலை தேடிச் செல்லும் இளைஞர் பலர். அவருள் ஒருவன் தள்ளாடித் திரும்பிவருவானாயின், ஆலயப் படியில் அவனை எதிர்கொண்டு, கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்பவர் யார்? கெட்டகுமாரனைப் பற்றி அடுத்தமுறை பிரசங்கிக்குமுன், ஆயர் ஒவ்வொருவரும் இவ்வினாவுக்கு விடை காணக் கடமைப்பட்டுள்ளோம்.