பேட்ஜுக்குக் கொடுக்கும் பிள்ளைகள்

அக்டோபர் 2 முதல் 8 வரை ‘தான் உத்சவ்’ என்னும் ஈகைத் திருவிழா வாரம். 2009-இல் தொடங்கியது. அதையொட்டிப் பல பள்ளிகளில் பிடி அரிசியும் பழைய துணியும் பொம்மையும் திரட்டுகிறார்கள். நிறையக் கொண்டுவந்த பிள்ளைக்குப் பேட்ஜ், சான்றிதழ், காலை வழிபாட்டில் கைதட்டல். “சின்ன வயசுல இப்படித்தானே பழக்கணும்?” என்று பெற்றோரும் ஆசிரியர்களும் இதற்கு வக்காலத்து வாங்குகிறார்கள்.

திரட்டிய அரிசி பசித்தவர் உலைக்குப் போகிறது. அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கற்றுத்தருகிறோம் என்ற பேச்சை ஏற்க முடியாது. முதல்நாள் இரவு அப்பா அண்ணாச்சி கடையில் அரிசி வாங்குகிறார். அம்மா பொட்டலத்தின்மேல் பெயர், வகுப்பு, பிரிவு எழுதி ஒட்டுகிறார். பிள்ளை சுமந்துகொண்டு போகிறது. அதனிடமிருந்து எதுவும் குறையவில்லை; கொடுப்பதா வேண்டாமா என்று அது யோசிக்கவும் இல்லை.

பேட்ஜும் ஈகையை வளர்ப்பதில்லை. உளவியல் ஆய்வாளர்கள் வார்நெகன், டொமசெல்லோ 2008-இல் வெளியிட்ட ஆய்வில், உதவியதற்குப் பரிசுப்பொருள் பெற்ற 20 மாதக் குழந்தைகள், எதுவும் பெறாத குழந்தைகளைவிடப் பின்னர் குறைவாகவே உதவினார்கள். செர்ன்யாக், குஷ்னிர் 2013-இல் வெளியிட்ட சோதனையில், 3, 4 வயதுப் பிள்ளைகள் சிலரிடம் ஒரு ஸ்டிக்கரைக் கொடுத்து, நீயே வைத்துக்கொள்ளலாம், சோகமாக இருக்கும் பொம்மைக்கும் கொடுக்கலாம் என்று விட்டார்கள். கொடு என்று சொல்லிக் கொடுக்கவைத்த பிள்ளைகளைவிட, தாமே முடிவெடுத்த இவர்கள் அடுத்த பொம்மைக்கு அதிகம் பகிர்ந்தார்கள்.

முடிவெடுக்கும் அந்த வாய்ப்பைத்தான் நாம் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம். பேட்ஜ் குத்தும் பள்ளியிலேயே டிபன் பாக்ஸைப் பகிரத் தடை. ரப்பரை இரவல் கொடுத்தால் திட்டு. “யாருக்கும் குடுக்காம நீயே சாப்பிடு” என்று சொல்லித்தான் வீட்டிலிருந்தும் அனுப்புகிறோம். கமர்கட்டைச் சட்டை நுனியில் பொதிந்து காக்காக்கடி கடித்து, இரண்டு துண்டையும் மாறிமாறிப் பார்த்து, மனசே இல்லாமல் பெரியதை நண்பனிடம் நீட்டுகிற பிள்ளை தன் ஆசையை வென்று கொடுக்கிறது. ஈகை அதுதான். அதைச் சுகாதாரத்தின் பெயரால் தடுத்துவிட்டு, ஆண்டுவிழாவில் வள்ளல் பாரி வேடம் போட்டுவிடுவதில் என்ன பயன்?

தலைமையாசிரியர்களே, அரிசியைப் பெற்றோரிடம் நேரடியாகக் கேளுங்கள், தருவார்கள். பேட்ஜை நிறுத்துங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டு, மதியத்தில் மற்றவர்கள் டப்பாவைத் திறந்து பகிர்ந்துகொள்ள விடுங்கள். கொடுக்க மாட்டேன் என்கிற பிள்ளையையும் திட்டாதீர்கள்.