அடைமொழியில் நிற்கும் அரசியல்: ‘லிங்கன்’ திரைப்பட உரையாடல்

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 2012இல் வெளிவந்த ‘லிங்கன்’ திரைப்படத்தின் உயிர்நிலை போர்க்களக் காட்சிகளில் இல்லை. டோனி குஷ்னர் எழுதிய உரையாடலில், அதிலும் அடைமொழிகளில் உள்ளது. அடிமைமுறையை ஒழிக்கும் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1865 சனவரி 31இல் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியதே கதையின் மையம்.

அனைத்திலும் சமத்துவம் வேண்டுமென நெடுங்காலம் வாதிட்ட தாடியஸ் ஸ்டீவன்ஸ், வாக்குகள் சிதறாதிருக்கும்பொருட்டுச் ‘சட்டத்தின் முன்’ சமத்துவம் மட்டுமே கோருவதாக அவையில் கூறுகிறார். சமாதானத் தூதுவர் வந்துள்ளனரா என்னும் வினாவிற்கு, ‘தாம் அறிந்தவரை’ ‘அந்நகரில்’ எவருமில்லை என லிங்கன் எழுதியனுப்புகிறார். அவர்கள் வேறிடம் நோக்கி வருவதை அவர் அறிவார்.

துணைத்தலைப்பில் இடம் கருதி இவ்வடைகளை நீக்கினால், எதிரணியினர் விரும்பிய சொல்லையே ஸ்டீவன்ஸ் கூறியவராவார். லிங்கன் வெறும் பொய்யராவார். தலைமை என்பது சொல்லின் எல்லையை அறிதல் என்னும் படத்தின் கருத்தே அழியும். எனவே, இங்கு அடை சுருக்கத்தக்க அணியன்று, பொருளின் நிலைக்களமாகும்.

எனினும், எவர்தம் விடுதலை பேசப்படுகிறதோ அக்கறுப்பின மக்கள் அவைக் காட்சிகளில் மாடத்தில் அமர்ந்து கேட்போராகவே நிற்கின்றனர். மூலத்திலேயே அமைந்த இம்மௌனத்தை எம்மொழிபெயர்ப்பும் ஈடுசெய்ய இயலாது.